உரோமாபுரியில் ஒரு கிறிஸ்மஸ் இரவு

(பொன்விழாத் தொடக்க நாளன்று, புதிய முகப்புக் கதவை மந்திரித்தபின் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நமக்கு முன் பேசிய பெரியவர்கள் இந்தக் கோயில் வளர்ந்த கதையைச் சொன்னார்கள். ஓலைக் கொட்டகையில் பூசை நடந்த நாட்களையும், நம் தாய்மார் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து புதுச் சுவருக்கு ஊற்றிய நாட்களையும் கேட்டபோது பலருடைய கண்கள் கலங்கின. அவற்றை நாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. சற்று முன்பு, உங்கள் காணிக்கையால் செய்த தேக்குக் கதவை மந்திரித்துத் திறந்தோம். கதவு திறந்த அந்த நேரத்தில் நம் மனம் வேறொரு கதவை நினைத்துக்கொண்டது. ஆகவே உங்களை ஓர் இரவுக்கு மட்டும் உரோமாபுரிக்கு அழைத்துப் போக விரும்புகிறோம். நாள்: 1999ஆம் ஆண்டு டிசம்பர் 24. சுற்று வழியாகத் தோன்றினாலும், அந்த வழி கடைசியில் நம் கோயிலுக்கே வந்து சேரும். பொறுமையோடு உடன் வாருங்கள்.

அப்போது நாங்கள் தமிழ்நாட்டுக் குருக்கள் மூவர் அங்கே மேற்படிப்புப் படித்து வந்தோம். மூவருமே இளைஞர்கள்; அபிஷேக எண்ணெய் கைகளில் இன்னும் காயவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஜனிக்குலும் என்னும் குன்றின்மேல் விடுதி. சன்னலைத் திறந்தால் புனித இராயப்பர் பேராலயத்தின் குவிமாடம் தெரியும். "உரோமையில் கிறிஸ்மஸ் கொண்டாடப் போகிறீர்களா சாமி? கொடுத்து வைத்தவர்கள்!" என்று ஊரிலிருந்து கடிதம் எழுதாதவர் இல்லை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

திருவருகைக் காலம் முழுவதும் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துத் தீர்த்தோம். மரியன்னைப் பெருங்கோயிலுக்குப் போனோம். ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த அந்தப் பேராலயத்தின் நடுப் பீடத்தின் கீழே, பாலன் இயேசு கிடத்தப்பட்ட தீவனத் தொட்டியின் மரத்துண்டுகள் என்று பரம்பரையாகப் போற்றப்படுபவற்றைப் பளிங்குப் பேழையில் வைத்திருக்கிறார்கள். பழங்காலத்தில் பாப்பரசர்கள் கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசையை அந்தக் கோயிலில்தான் நிறைவேற்றினார்கள். பிறகு 124 படிகள் ஏறி அராச்சேலி கோயிலுக்குப் போனோம். அங்கே உரோமைக் குழந்தைகள் பாலன் இயேசுவின் சுரூபத்தின் முன்னே நின்று செய்யுள் ஒப்பிப்பது வழக்கம். அங்கிருந்த பழைய சுரூபம் 1994ல் களவு போய்விட, அதன் சாயலில் செய்த புதிய சுரூபத்தையே வணங்குகிறார்கள். நவோனாச் சதுக்கத்தில் விழாக்காலச் சந்தை. இராயப்பர் சதுக்கத்தில் பெரிய குடில். 1982 முதல் ஆண்டுதோறும் அங்கே குடில் வைக்கிறார்கள். ஆனால் அந்நாட்களில் டிசம்பர் 24 மாலை வரை அதைத் திரையிட்டு மறைத்திருப்பார்கள். எல்லாம் அருமை. எல்லாவற்றையும் பார்த்தோம். பார்த்தோம் என்பதுதான் சரியான சொல்.

24ஆம் நாள் மாலை வந்தது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. தெருவில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். இத்தாலியரிடம் ஒரு பழமொழி உண்டு: கிறிஸ்மஸை உன் வீட்டாரோடு கொண்டாடு, உயிர்ப்பு விழாவை உனக்கு விருப்பமானவரோடு கொண்டாடு. அதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். அதன் பொருள் அன்று மாலைதான் விளங்கிற்று. மாடி வீடுகளின் சன்னல்களில் வெளிச்சம். உள்ளே பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின இரவில் இறைச்சி உண்ணாமல் மீன் சமைப்பது அவர்கள் மரபு. பொரித்த மீனின் வாசனை தெருவரை வருகிறது. தெருவிலோ நாங்கள் மூவரும் ஒரு பூனையும்!

நம் ஊரில் கிறிஸ்மஸ் தெருவில் நடக்கிறது, அன்பர்களே. மூங்கில் சீம்பை வளைத்து நட்சத்திரம் கட்டுவதும், குடிலுக்கென்று கேழ்வரகை முளைக்கப் போடுவதும், பாட்டுக் குழு வீடு வீடாகப் போய் நாய்களிடம் அகப்பட்டுக்கொள்வதும், பூசை முடிந்து வெடி போடுவதும், விடிந்ததும் அண்டை வீட்டு இந்து, முஸ்லிம் சகோதரருக்குப் பலகாரத் தட்டு போவதும் நமக்குப் பழக்கம். அந்த நாட்டில் கிறிஸ்மஸ் வீட்டுக்குள் நடக்கிறது. உள்ளே ஒரு வீடு உள்ளவனுக்கு அது பேரின்பம். இல்லாதவனுக்கு அந்த மாநகரமே ஒரு மூடிய கதவு. உலகக் கத்தோலிக்கரின் தலைநகரில், திருவிழாக்களின் திருவிழாவில், நாங்கள் அநாதைகளைப் போல நின்றோம். இதை ஊருக்கு எழுதிய கடிதங்களில் எழுதவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இன்றுதான் சொல்கிறோம்.

இத்தாலி நேரம் குளிர்காலத்தில் நம் நேரத்துக்கு நாலரை மணி பின்னே. அங்கே மாலை ஏழரை ஆனால் இங்கே நள்ளிரவு. எங்களுள் ஒருவர் தம் ஊர்க் கோயில்பிள்ளைக்கு முன்கூட்டியே கடிதம் போட்டு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டில் தொலைபேசி கிடையாது. சாமியார் பங்களாவில்தான் இருந்தது. சரியாக ஏழரைக்குத் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் மூவரும் நெருக்கிக்கொண்டு நுழைந்தோம். பத்தாயிரம் லீராவுக்கு வாங்கிய அட்டையைச் செருகி எண்களைச் சுற்றினோம். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "சாமி, சன்னல்கிட்ட வைக்கிறேன், கேளுங்க" என்றார் கோயில்பிள்ளை. அவ்வளவுதான் பேச்சு. ஒரே ஒலிவாங்கியில் மூன்று காதுகள். முதலில் இரைச்சல். பிறகு வானவர் கீதம் தொடங்க, கோயில் மணியும் பீட மணியும் சேர்ந்து ஒலித்தன. எங்கோ ஒரு வெடி. ஆர்மோனியத்தின் ஒரு கட்டை வழக்கம்போலச் சுருதி தப்பியது. அட்டையில் இருந்த பணம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. கூண்டைவிட்டு வெளியே வந்தோம். நெடுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று இரவு சாதாரண இரவன்று. கி.பி. 2000ஆம் யூபிலி ஆண்டைத் தொடங்கிவைக்கப் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதக் கதவைத் திறக்கும் இரவு. யூபிலி ஆண்டைத் திருச்சபையில் முதன்முதல் அறிவித்தவர் பாப்பரசர் எட்டாம் பொனிப்பாஸ், ஆண்டு 1300. நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்தது, பிறகு ஐம்பதாகி, 1475 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. புனிதக் கதவை மற்ற ஆண்டுகளில் சுவர் எழுப்பி அடைத்துவிடுவார்கள். பாப்பரசர் சுத்தியலால் தட்டிச் சுவரைத் திறப்பது பழைய வழக்கம். 1974ல் ஆறாம் சின்னப்பர் அப்படித் தட்டியபோது சுவரின் சிதறல்கள் அவர் அருகிலேயே விழுந்தன. 1999ல் சுத்தியல் இல்லை. வயது முதிர்ந்து, உடல் தளர்ந்து, முதுகு வளைந்திருந்த அருள் சின்னப்பர் தம் இரு கைகளாலும் கதவைத் தள்ளினார்.

உள்ளே செல்ல எங்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. சதுக்கத்தில் பெருங்கூட்டத்தோடு கூட்டமாக நின்று பெரிய திரையில் பார்த்தோம். கதவு திறந்தது. தளர்ந்த அந்தக் கிழவர் வாசற்படியில் முழங்காலிட்டார். அவர் எழும்வரை அத்தனை பெருங்கூட்டமும் மூச்சை அடக்கி நின்றது. ஆப்பிரிக்க மக்கள் கொம்பு ஊதினார்கள். ஆசியாவையும் ஓசியானியாவையும் சேர்ந்தவர்கள் அந்தக் கதவுக்கு மலர்சூட்டி நறுமணம் பூசினார்கள். நம் கண்டத்தாரின் கையால் அந்தக் கதவு பூ வைத்துக்கொண்டதைக் கண்டபோது எங்கள் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் கால் விறைத்துப் போயிருந்தது. குளிர் எலும்பைத் தொட்டது. மத்தியானம் உண்டதோடு சரி.

எங்கள் பக்கத்தில் பிலிப்பீன் நாட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உரோமையில் வீட்டு வேலை செய்தும் முதியோரைப் பராமரித்தும் பிழைக்கும் பிலிப்பீன் மக்கள் ஏராளம். அவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, குடுவையிலிருந்து சூடான காப்பியை அதன் மூடியில் ஊற்றி எங்களிடம் நீட்டினார். மூவரும் மாறி மாறிக் குடித்தோம். பூசை முடிந்தபோது ஒரு மணி கடந்துவிட்டது. "ஃபாதர், எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று அவர் கேட்டார். விடுதியில் சமையற்காரர் விடுப்பில் போய்விட்டார், ரொட்டியும் பாலாடைக் கட்டியும் மேசையில் மூடி வைத்திருக்கும் என்றோம். அவர் தம் தோழியரைப் பார்த்தார். "எங்களோடு வாருங்கள், சோறு இருக்கிறது" என்றார்.

சோறு! அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் இரண்டு மைல் நடந்திருப்போம்.

வத்திக்கானை அடுத்த பிராத்தி என்னும் பகுதியில், பெரிய மாளிகை ஒன்றின் கீழே நிலவறை. பத்துப் படி இறங்கினால் ஒட்டுப்பலகையால் செய்த ஒரு கதவு. அது ஒட்டிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். அந்த அம்மா இடித்துத் திறந்தார். உள்ளே ஒரே அறை. சுவரோரம் அட்டைப் பெட்டியில் ஒரு குடில். பிலிப்பீன் மக்கள் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன் பூசை காண்பார்கள். அது முடிந்து கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசைக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து உண்ணும் விருந்துக்கு 'நோச்சே புவேனா' என்று பெயர். குடும்பமில்லாத அந்தப் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் குடும்பமாயிருந்து அந்த விருந்தைச் சமைத்து வைத்திருந்தார்கள். ஒரு பானை சோறு, காடியும் சோயாச் சாறும் விட்டுச் சமைத்த கோழி, நூலைப்போல் நீண்ட பலகாரம் ஒன்று. பதினோரு பேருக்கு ஆறு தட்டு. முதலில் எங்களுக்கு வைத்தார்கள். வேண்டாம் என்று மரியாதைக்குச் சொல்லவும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

உண்ட பிறகு அந்த அம்மா ஒரு சிறு ஒலிநாடாப் பெட்டியை எடுத்தார். ஊரில் தம் தாயாரிடம் விட்டுவந்த மகளின் குரலை அனுப்பியிருந்தார்களாம். விட்டுவந்தபோது குழந்தைக்கு நாலு வயது, இப்போது ஒன்பது. குழந்தை ஏதோ பாடுகிறது. நடுவில் மறந்துபோய்ச் சிரிக்கிறது. எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் ஏழரை மணிக்குத் தொலைபேசிக் கூண்டில் நாங்கள் கேட்டதும் அதுவும் ஒன்றே என்று புரிந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் காலை எட்டு மணிக்குத் தத்தம் எசமானர் வீட்டில் இருக்க வேண்டும். கிறிஸ்மஸ் மத்தியான விருந்தைச் சமைப்பவர்கள் அவர்கள்தாம். புறப்படுமுன் எங்களிடம் ஆசீர்வாதம் கேட்டார்கள். கைகளை உயர்த்தினோம். ஆசீர்வாதம் கொடுத்தவர்கள் நாங்களா அவர்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்பார்ந்த மக்களே, அந்த இரவில் இரண்டு கதவுகள் திறக்கக் கண்டோம். ஒன்று, விக்கோ கொன்சோர்த்தி என்னும் சிற்பி வடித்த வெண்கலக் கதவு. வீடு திரும்பும் ஊதாரி மகனின் காட்சியும் அதில் வார்க்கப்பட்டிருக்கிறது. மற்றது நிலவறையின் ஒட்டுப்பலகைக் கதவு. முதற் கதவின் பொருளை எங்களுக்கு விளக்கியது இரண்டாம் கதவு. வெண்கலக் கதவு 2001 ஜனவரி 6ஆம் நாள் மறுபடியும் மூடப்பட்டது. மற்றதை நம் நெஞ்சில் இன்னும் யாரும் மூடவில்லை.

யூபிலி என்றால் என்ன? லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும். நிலத்தை இழந்தவன் நிலத்துக்கும், பிரிந்துபோனவன் தன் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். பந்தலும் வாணவேடிக்கையும் மலரும் அதில் சொல்லப்படவில்லை. அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; மலருக்கு விளம்பரம் சேர்த்த இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள்! ஆனால் வீட்டைவிட்டுப் போனவனுக்கு ஒரு வீடு கிடைக்காவிட்டால் அது யூபிலி ஆகாது. பாப்பரசர் பிரான்சிஸ் இதை அறிந்திருந்தார். அவருடைய தந்தை இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிப் போனவர். 2024 டிசம்பர் 24ஆம் நாள் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இராயப்பர் பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்தார் அவர். இரண்டு நாள் கழித்து, உரோமையின் ரெபிப்பியாச் சிறைச்சாலையில் இன்னொரு புனிதக் கதவைத் திறந்தார். 2025 ஏப்ரலில் இறந்த அவரை, தீவனத் தொட்டியின் மரத்துண்டுகள் இருக்கும் அந்த மரியன்னைப் பெருங்கோயிலில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இனி நம் கோயிலுக்கு வருவோம்.

நம் பங்கில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு உண்டா? குவைத்தில், துபாயில், சிங்கப்பூரில், இத்தாலியில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் டிசம்பர் 25 விடுமுறை நாள் அன்று. வேலை முடித்துச் சீருடையோடு பூசைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கிறிஸ்தவக் கோயிலே இல்லாத சவூதி அரேபியாவில் அறைக்குள் நாலுபேர் கூடி மெல்லிய குரலில் செபம் சொல்லிக் கிறிஸ்மஸைக் கழிப்பவர்களும் உண்டு. "என் மகனுக்கு அன்றைக்கு யாராவது ஒரு பிடி சோறு போட்டிருப்பார்களா சாமி?" என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். போட்டிருப்பார்கள் அம்மா என்றோம். நிலவறைப் பெண்களை நினைத்துத்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னோம்.

ஆனால் சென்ற கிறிஸ்மஸ் இரவில் இந்தக் கோயிலில் என்ன நடந்தது? நடுச்சாமப் பூசையில், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய பின்வாசலில் ஆறு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். புறவழிச் சாலை ஓரத்து நூற்பாலையில் வேலை செய்பவர்கள், ஜார்க்கண்ட் மாநிலத்தவர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நம்மில் சிலர் நினைத்தோம். அவர்களோ எழவேண்டிய இடத்தில் எழுந்தார்கள். எழுந்தேற்றத்தில் வெறுந்தரையில் முழங்காலிட்டார்கள். பாட்டு மட்டும் வாயில் வரவில்லை, ஏனென்றால் அது தமிழ்ப் பாட்டு. 1885ல் கான்ஸ்டன்ட் லீவென்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு சோட்டா நாக்பூர் மலைநாட்டுக்குச் சென்று, நிலம் பறிபோன பழங்குடி மக்களுக்காக நீதிமன்றம்வரை துணைநின்று விசுவாசத்தை விதைத்தார். அப்படித் திருமறை தழுவிய உராவோன், முண்டா, காரியா மக்களின் வழிவந்த பிள்ளைகள் அவர்கள். நம் கோயிலுக்கு வயது ஐம்பது. அவர்கள் நாட்டுத் திருச்சபைக்கு நூறைத் தாண்டிவிட்டது!

பூசை முடிந்தது. அன்பியத்தார் கேக்கும் தேநீரும் கொடுத்தார்கள். நாம் எல்லோரும் கைகுலுக்கினோம், படம் எடுத்துக்கொண்டோம். அந்த ஆறு பேரும் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு இருட்டில் நடந்து போனார்கள். அவர்களைப் பார்க்காதவர்கள் மேல் குற்றமில்லை. பார்த்தவர்கள் நாம். பீடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. உரோமாபுரியில் பசியோடு நின்று, அந்நியர் கையால் சோறு உண்ட உங்கள் பங்குச் சாமியாருக்கே அவர்களைக் கூப்பிடத் தோன்றவில்லை! உண்டியலை எண்ண வேண்டும், விருந்தினர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு. மறுநாள் மறைக்கல்விக்கு வரும் ஒரு சிறுமி சொன்னாள்: "சாமி, எல்லாரும் போனப்புறம் அந்த அண்ணன்மார் திரும்பி வந்து குடில் முன்னாடி உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் செல்போனைக் குடில் பக்கமாத் திருப்பி அவங்க அம்மாக்குக் காட்டினாரு."

அன்று முழுவதும் நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தியைப் புனித லூக்காஸ் எழுதியிருக்கிறார். இடமில்லை என்று சொன்னவன் கெட்டவன் என்று அவர் எழுதவில்லை. பாவம், அவனுக்கும் அன்று கூட்டம் மிகுதியாயிருந்திருக்கும்.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறோம். பணம் கேட்கவில்லை; பயப்பட வேண்டாம். முதலாவது, அந்த நூற்பாலைப் பிள்ளைகள் யார், பெயர் என்ன, எந்த ஊர் என்று இந்த மாதத்துக்குள் விசாரித்து அறிவோம். பெயர் தெரியாதவனை விருந்துக்கு அழைக்க முடியாது. இரண்டாவது, வரும் கிறிஸ்மஸ் இரவில் நன்மை வாங்கியபின் ஒரு பாட்டை அவர்கள் தங்கள் சாத்ரி மொழியில் பாடட்டும். நாம் வாய்மூடிக் கேட்போம். மூன்றாவது, பூசைக்குப் பின் அன்பியத்துக்கு ஒருவராக அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். பெரிய விருந்து வேண்டாம். ஒரு பிடி சோறு போதும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு மாநகரில், ஏதோ ஒரு மாடியில், உங்கள் மகனுக்கு முன்னே யாரோ ஒருவர் தட்டு வைத்துக்கொண்டிருப்பார் என்று நம்புங்கள்.

இன்று மந்திரித்த தேக்குக் கதவு நூறு ஆண்டு உழைக்கும் என்று தச்சர் சொல்கிறார். நல்லது. நூறாம் ஆண்டு விழாவில் பேச நாம் இருக்க மாட்டோம். ஆனால் அன்று யாராவது ஒரு முதியவர் எழுந்து, "அந்நிய ஊரில் பிழைக்க வந்தேன்; ஒரு கிறிஸ்மஸ் இரவில் இந்தக் கதவு எனக்குத் திறந்தது" என்று ஜார்க்கண்டுத் தமிழில் சொல்வாரானால், அதுவே இந்தப் பொன்விழாவின் பலன்.

தங்க இடம் தேடி அலைந்த மரியன்னையும் புனித சூசையப்பரும் நம் வீட்டு வாசல்களைக் காப்பார்களாக. தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளையும், நம்மிடம் வந்திருக்கும் பிறர் பிள்ளைகளையும் பாலன் இயேசு ஒரே குடிலில் சேர்ப்பாராக.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!